நான்கு எட்டா, நான்கு ஒன்றா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வேகச் சோதனை செய்து பார்த்தால், சொன்ன வேகம் முழுவதும் வருகிறது. ஆனால் ஒரு செய்தித்தளத்தைத் தட்டினால் சில விநாடிகள் வெள்ளைத் திரையாகவே நிற்கிறது. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றச் சொல்கிறார் கேபிள்காரர், 1.1.1.1 தான் வேகம் என்கிறான் மகன். எதை வைப்பது? மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகுமா?
– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எதை வைத்தாலும் எதுவும் கெட்டுப்போகாது; பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். கேபிள்காரர் சொன்னது கூகுளின் எண், மகன் சொன்னது கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் எண். ஆனால் இருவருமே வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும் சேவை, தேர்ந்தெடுக்கும்போது வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. வீட்டிலுள்ளவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற பட்டியல் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை முதலிலும், அந்தச் சேவை எதையாவது தடுக்கிறதா என்பதை அடுத்தும் பார்க்க வேண்டும்.

ஆனாலும் நீங்கள் கேட்டது வெள்ளைத் திரையைப் பற்றி என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய ஐபி எண், அதாவது இணைய முகவரி, எது என்று உங்கள் கைபேசி ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு இது. நீங்கள் எதையும் மாற்றாத வரை இந்தக் கேள்வி, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. ஒரு செய்தித்தளத்தின் முகப்பு திறக்க வேண்டுமானால், செய்தி ஓரிடத்திலிருந்தும் படங்கள் வேறிடத்திலிருந்தும் விளம்பரங்களும் எழுத்துருக்களும் இன்னும் பல இடங்களிலிருந்தும் வந்தாக வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிப்பெயர், தனிக்கேள்வி. டிஎன்எஸ் சர்வர் மந்தமாக இருந்தால் இந்தத் தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளைத் திரையாகத் தெரியும். வேகச் சோதனையோ ஒரு சர்வரைப் பிடித்துக்கொண்டு அதனிடமிருந்து தரவு எவ்வளவு வேகமாக வருகிறது என்று மட்டும் அளக்கிறது. அதனால் அங்கே குறை எதுவும் தெரியாது. ஆக, உங்கள் வீட்டுச் சிக்கலுக்கு டிஎன்எஸ் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதே சமயம், டிஎன்எஸ்ஸை மாற்றினால் சினிமா சீக்கிரம் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண் கிடைத்த பிறகு நடக்கும் போக்குவரத்தில் டிஎன்எஸ்ஸுக்கு வேலை இல்லை.

எது வேகம் என்ற கேள்விக்கு ஊருக்குப் பொதுவான பதில் கிடையாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர் என்பதால், ஒளி போய்த் திரும்ப இரண்டு மில்லி விநாடி போதும். இடையிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தாலும் பத்துக்குள் அடங்கக்கூடும். கேள்வி மும்பை வரை போனால் 20, 30 மில்லி விநாடி ஆகலாம். ஐரோப்பாவுக்குப் போய்விட்டால் 100-ஐத் தாண்டும். கூகுளும் கிளவுட்ஃபிளேரும் ஒரே எண்ணை உலகின் பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் அறிவிக்கின்றன. உங்கள் கேள்வி எந்த ஊர் சர்வரைப் போய்ச் சேரும் என்பது, உங்கள் இணைய நிறுவனம் வகுத்திருக்கும் பாதையைப் பொறுத்தது. கிளவுட்ஃபிளேருக்குச் சென்னையில் சர்வர் இருப்பதால் முத்தியால்பேட்டைக் கேள்வி சென்னைக்குத்தான் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தால் அங்கே வரும் விடையும் வேறாக இருக்கும்.

ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பிங்' கட்டளையுடன் முதலில் 8.8.8.8, பிறகு 1.1.1.1, பிறகு 9.9.9.9 (இது குவாட் நைன் என்ற அமைப்பின் எண்; கீழே சொல்கிறேன்) என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், ஒவ்வொரு வரியின் கடைசிப் பகுதியிலும் எத்தனை மில்லி விநாடி ஆனது என்று காட்டும். இதை நடுப்பகலில் செய்வதைவிட, தெருவே டிவி தொடரும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் செய்வது நல்லது. 10-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் உணர்வது கடினம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒன்று 15 என்றும் மற்றொன்று 150 என்றும் காட்டினால் மட்டும் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி, பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பது. 2009 டிசம்பரில் தொடங்கிய கூகுளின் சேவை, கேட்டவரின் முழு ஐபி எண் அடங்கிய பதிவை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாகவும், அந்த எண் இல்லாமல் ஊர் அளவிலான விவரம் கொண்ட ஒரு பகுதியை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும் அறிவித்திருக்கிறது. 2018 ஏப்ரல் 1 அன்று வந்த கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, பதிவுகளை ஒரு நாள் அளவில் அழித்துவிடுவதாகச் சொல்கிறது. 2017 நவம்பரில் தொடங்கிய குவாட் நைன், அதாவது 9.9.9.9, லாப நோக்கற்ற அமைப்பு; 2021-இல் சுவிட்சர்லாந்துக்கு இடம் மாறி அந்நாட்டுத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது; கேட்டவரின் ஐபி எண்ணைப் பதிவு செய்வதில்லை என்பது அதன் கொள்கை. மோசடித் தளங்கள், வைரஸ் பரப்பும் தளங்கள் ஆகியவற்றின் பெயரைக் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் சொல்லித் தடுத்துவிடும் வேலையையும் அது செய்கிறது. மின்வாரியத்தின் பெயரிலும் வங்கியின் பெயரிலும் வரும் போலிக் குறுஞ்செய்திகளை வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரு கணம் தவறித் தட்டிவிட்டாலும், அந்தத் தளம் தடைப் பட்டியலில் ஏறியிருந்தால் பக்கம் திறக்காது. அன்றே முளைத்த போலித்தளம் பட்டியலில் இருக்காது என்பதால் இதை முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் செலவில்லாமல் கிடைக்கும் காப்பு இது.

எனவே என் தேர்வு 9.9.9.9, அதற்குத் துணையாக அவர்களுடைய 149.112.112.112. உங்கள் இணைப்பில் அது மிகத் தொலைவாகக் காட்டினால், கிளவுட்ஃபிளேரின் தீங்குத் தடுப்பு எண்களான 1.1.1.2, 1.0.0.2 ஆகியவற்றை வையுங்கள். மகன் சொன்ன 1.1.1.1 எதையும் தடுக்காது. ஓர் எண் தள்ளி வைத்தால் அதே நிறுவனம் தடுத்தும் தருகிறது. கேபிள்காரரின் 8.8.8.8-க்கு ஒரு நன்மை உண்டு. நீங்கள் இருக்கும் வலையமைப்பைப் பற்றிய ஒரு குறிப்பை அது தேவையான இடங்களில் எதிர்முனைக்குத் தெரிவிப்பதால், சில வீடியோத் தளங்கள் உங்களுக்கு அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்து தர வசதியாகிறது. கிளவுட்ஃபிளேர் தனியுரிமை கருதி அந்தக் குறிப்பை அனுப்புவதில்லை. எண்ணை மாற்றிய பிறகு ஏதோ ஒரு வீடியோச் செயலி மட்டும் திணறினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று முதல் எண்ணாக 1.1.1.3-யும் இரண்டாம் எண்ணாக 8.8.8.8-யும் வைத்தேன். பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்கள் சில நேரம் தடைபடுகின்றன, சில நேரம் திறக்கின்றன. ஏன்?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அம்மா, இரண்டாவது எண் முதல் எண்ணுக்கு மாற்று ஆள் என்று பலரும் நினைக்கிறார்கள், பெயரும் அப்படித்தான் தோன்றச் செய்கிறது. ஆனால் பல ரவுட்டர்களும் கருவிகளும் இரண்டையும் மாற்றி மாற்றியோ, எது முந்திப் பதில் தருகிறதோ அதையோ பயன்படுத்துகின்றன. கிளவுட்ஃபிளேரின் ஆபாசத் தடுப்பு எண்ணான 1.1.1.3 'முடியாது' என்று சொல்லும் அதே தளத்தை 8.8.8.8 திறந்து கொடுத்துவிடுகிறது. தடுப்பு வேண்டுமென்றால் இரண்டு எண்ணும் ஒரே சேவையின் ஒரே வகையாக இருக்க வேண்டும்: 1.1.1.3 வைத்தால் துணைக்கு 1.0.0.3. தேடுபொறியிலும் ஆபாசப் படங்கள் வராமல் வடிகட்ட வேண்டுமானால் கிளீன்பிரவுசிங் நிறுவனத்தின் குடும்பத் தடுப்பு, அதாவது 185.228.168.168, 185.228.169.168, பொருத்தமாக இருக்கும். யூடியூபையும் அது கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றிவிடும். அந்தக் கட்டுப்பாடு பெரியவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதைத் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துணை எண்ணுக்கு வேறு நிறுவனத்தை வைக்க நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2025 ஜூலை 14 அன்று, நம் நேரப்படி 15-ஆம் தேதி விடியற்காலை சுமார் மூன்றரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், 1.1.1.1 சேவை உலகம் முழுவதும் நின்றுபோனது. நிறுவனத்துக்குள்ளேயே ஓர் அமைப்பில் நேர்ந்த பிழை அது. 1.0.0.1-உம் கூடவே படுத்துவிட்டது. தடுப்பு தேவையில்லாத வீட்டில் 1.1.1.1-க்குத் துணையாக 8.8.8.8-ஐ வைக்கலாம், குற்றமில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில், என்றோ வரும் அந்த ஒரு மணி நேரத்துக்காக அன்றாடம் கதவைத் திறந்து வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன்.

டிஎன்எஸ் தடுப்பின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது முழுத் தளத்தைத்தான் தடுக்கும். யூடியூபில் உள்ள ஒரே ஒரு காணொளியைத் தடுக்க அதனால் ஆகாது. உலாவியின் அமைப்புகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற இடத்தில் வேறொரு சேவையைத் தேர்ந்துகொண்டால், ரவுட்டரில் நீங்கள் போட்ட எண்ணை அந்த உலாவி திரும்பிக்கூடப் பார்க்காது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அப்படியே. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தடுப்பு போதும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட தடை என்பதை உங்களைவிட அந்தப் பிள்ளை நன்றாக அறிந்திருக்கும்.

கேள்வி: ரவுட்டரில் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டேன். ஆனால் சோதித்தால் இன்னமும் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்தான் காட்டுகிறது. என்ன செய்வது?
– வாசகர், வில்லியனூர்

பதில்: இதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும். முதலாவது எளியது: கைபேசியும் கணினியும் பழைய எண்ணைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்; வைஃபையை ஒரு முறை துண்டித்துச் சேர்த்தால் புதியதை வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, எண்ணை எழுதிய இடம். 192.168.1.1 என்ற முகவரியில் (சில கருவிகளில் 192.168.0.1) ரவுட்டரின் பக்கம் திறந்ததும் 'வான்' (வெளி இணைப்பு) என்ற பிரிவிலும் 'லான்' (வீட்டு வலை) என்ற பிரிவிலும் டிஎன்எஸ் கட்டங்கள் தென்படும். நிறுவனமே கொடுத்த ஃபைபர் மோடமாக இருந்தால் 'வான்' பிரிவின் கட்டங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும், அல்லது எழுதியதை மறுநாள் நிறுவனமே மாற்றிவிடும். 'லான்' பிரிவுக்குள் கருவிகளுக்கு முகவரி வழங்கும் 'டிஹெச்சிபி' என்ற பக்கத்தில் முதல் டிஎன்எஸ், இரண்டாம் டிஎன்எஸ் என்று இருக்கும் கட்டங்களில் எழுதுவதே மேல். வீட்டுக் கருவிகளுக்கு நேரடியாகப் போய்ச் சேருவது அந்த எண்கள்தான்.

மூன்றாவதுதான் பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நம் நாட்டுப் பெரிய நிறுவனங்கள் பலவும் இப்போது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் சேர்த்தே தருகின்றன. 8.8.8.8 போன்றவை பழைய ஐபிவி4 வகை எண்கள். அதை மட்டும் மாற்றினால், ஐபிவி6 வழியாக வரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் எண் அப்படியே இருக்க, கருவிகள் அதையே முதலில் நாடும். ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ்ஸுக்கெனத் தனிக் கட்டம் இருந்தால் அதிலும் எழுத வேண்டும்: கூகுளுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111. கட்டமே இல்லாத மலிவு ரவுட்டர்களில் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. டிஎன்எஸ்ஸுக்காக ஐபிவி6-ஐயே அணைத்துவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எண்ணை மாற்றிவிட்டால், நான் எந்தத் தளம் பார்க்கிறேன் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாதா? அரசு உத்தரவால் தடை செய்யப்பட்ட தளங்களும் திறக்குமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: தெரியும். சாதாரண டிஎன்எஸ் கேள்வி அஞ்சலட்டையில் எழுதிய கடிதம் போன்றது. யாருக்கு எழுதினாலும் வழியிலுள்ளவர் படித்துவிடலாம். உறையில் இட்டு அனுப்ப இரண்டு முறைகள் இருக்கின்றன: 2016-இல் வரையறுக்கப்பட்டு 853 என்ற தனிக் கதவு வழியாகப் போகும் டிஓடி, 2018-இல் வரையறுக்கப்பட்டு வழக்கமான வலைப் போக்குவரத்தோடு கலந்து போகும் டிஓஹெச். ஆண்ட்ராய்டு 9-உம் அதற்குப் பிந்தியதும் உள்ள கைபேசிகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் சேவையின் பெயரை எழுதினால் முதல் முறை செயல்படும். அங்கே எண்ணை ஏற்காது, பெயர்தான் வேண்டும். கிளவுட்ஃபிளேருக்கு 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, இடையிடையே புள்ளி வைத்து எழுத வேண்டும். விண்டோஸ் 11-இல் டிஎன்எஸ் எண்ணை எழுதும் அதே இடத்தில் மறையாக்கத்தையும் இயக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகும், கேள்வி மட்டும்தான் மறையும். நீங்கள் போய்ச் சேரும் சர்வரின் ஐபி எண்ணும், பெரும்பாலான இணைப்புகளில் தொடக்கத்தில் போகும் தளத்தின் பெயரும் நிறுவனத்தின் கண்ணில் படத்தான் செய்யும். அரசு உத்தரவால் தடை செய்யப்பட்ட தளங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2014-இல் துருக்கியில் ட்விட்டரை முடக்கியபோது இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று மக்கள் எழுதி வைத்தது உண்மைதான். சில நாட்களிலேயே அந்நாட்டு நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் பாதையையே தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டதும் உண்மைதான். பொது டிஎன்எஸ்ஸை அதற்கான கருவியாக எண்ண வேண்டாம்.

கேள்வி: ரவுட்டரில் நான் எழுதாத ஓர் எண் டிஎன்எஸ் என்று இருக்கிறது. ஆபத்தா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் உள்வலை எண்ணோ ரவுட்டரின் சொந்த எண்ணோதான், பயமில்லை. வேறு எண்ணாக இருந்தால், அது உங்களுடையதுதானா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேளுங்கள். அவர்கள் இல்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளில் டிஎன்எஸ் எண்ணை மாற்றி, மக்களைப் போலித் தளங்களுக்கும் விளம்பரங்களுக்கும் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்த பிறகும், பாதிக்கப்பட்டவர்களின் இணையம் ஒரேயடியாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக மாற்றுச் சர்வர்களை 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியிருந்தது. உங்கள் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பிறகு டிஎன்எஸ்ஸை எழுதுங்கள். கடவுச்சொல் இன்னமும் 'அட்மின்' என்றே இருக்குமானால் எந்த டிஎன்எஸ் சேவையும் உங்களைக் காப்பாற்றாது. மீட்பதற்கு முன் நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆள் வந்து அமைத்துத் தரும் வரை காத்திருக்க நேரும்.

கேள்வி: எங்கள் விருந்தினர் இல்லத்தில் வைஃபையில் சேர்ந்ததும் கைபேசி எண் கேட்கும் பக்கம் வர வேண்டும். சில விருந்தினர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் வருவதில்லை. இணையமே இல்லை என்று புகார் செய்கிறார்கள். ரவுட்டரை மாற்ற வேண்டுமா?
– விருந்தினர் இல்ல உரிமையாளர், புதுச்சேரி

பதில்: ரவுட்டரில் கோளாறு இல்லை. அப்படிப்பட்ட விருந்தினரின் கைபேசியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஏதோ ஒரு சேவையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். உங்கள் நுழைவுப் பக்கம், எண்ணைப் பதிவு செய்யாதவரை வெளியே விடுவதில்லை. அவருடைய கைபேசியோ, வெளியிலுள்ள அந்தச் சேவையைத் தொட்டால்தான் எந்தப் பக்கத்தையும் திறக்கும். இருவரும் பிடிவாதம் பிடிப்பதால் பக்கம் வருவதில்லை. அந்த அமைப்பைத் 'தானியங்கி' என்று மாற்றி, உங்கள் பக்கத்தில் பதிவு செய்த பிறகு பழையபடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரவேற்பு மேசையில் ஓர் அட்டையில் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், உங்கள் ஊர் விருந்தினருக்குப் பிரெஞ்சிலும், எழுதி வைத்துவிட்டால் இரவு பத்து மணிக்கு உங்களை எழுப்ப மாட்டார்கள்.